தௌ, தீ, ஹிதர், ஹென்ஸ்: பழைய ஆங்கிலச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம்?

கேள்வி இது: "ஷேக்ஸ்பியர் காலத்துப் பாணியில் ஆங்கிலத்தில் ஒரு குறுநாடகம் எழுதுகிறேன். மந்திரி அரசனைப் பார்த்து, 'ஓ கிங், ஃப்ரம் வென்ஸ் கமெத் தீ? ஐ கோயெத் ஹிதர் டு தி ஃபாரஸ்ட்' என்கிறார். அரசே எங்கிருந்து வருகிறீர்கள், நான் இங்கிருந்து காட்டுக்குப் போகிறேன் என்று பொருள் வர வேண்டும். இது சரியா? தௌ, தீ, யீ மூன்றும் ஒன்றுதானே? ஹியர், ஹிதர், ஹென்ஸ் இவற்றுக்குள் வித்தியாசம் உண்டா? பழைய வாசனைக்காக எதை வேண்டுமானாலும் போடலாமா?"

போட முடியாது. அந்த ஒரு வசனத்திலேயே ஐந்து இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. இந்தச் சொற்கள் காட்டிய வேறுபாடுகளில் பெரும்பாலானவை இன்றைய ஆங்கிலத்தில் காணாமல் போய்விட்டன; தமிழில் அப்படியே இருக்கின்றன. அதனால் லண்டனில் பிறந்த கல்லூரி மாணவர் மனப்பாடம் செய்து கற்க வேண்டியதை, நீங்கள் வீட்டில் பேசும் பேச்சை வைத்தே பிடித்துவிடலாம்.

முதலில் தௌ. ஆதியில் கணக்கு தெளிவாக இருந்தது. எதிரே இருப்பவர் ஒருவர் என்றால் தௌ, பலர் என்றால் யீ. ஒவ்வொன்றுக்கும் எழுவாய் வடிவம் ஒன்று, செயப்படுபொருள் வடிவம் ஒன்று. தௌ என்றால் நீ. தீ என்றால் உன்னை, உனக்கு. யீ என்றால் நீங்கள். யூ என்றால் உங்களை, உங்களுக்கு. ஆக, 'கமெத் தீ' என்பது 'உன்னை வருகிறான்' என்பது போல. இலக்கணத்திலேயே உட்காராது.

உன்னுடைய என்பதற்குத் தை, தைன் என்று இரண்டு. இவற்றுக்குள் பொருள் வேறுபாடு கிடையாது. அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் தைன், இல்லாவிட்டால் தை. 'எ புக், அன் ஆப்பிள்' என்று சொல்கிறோமே, அதே கதை. மை, மைன் இரண்டும் அப்படித்தான்: பழைய விவிலியத்தில் 'மைன் ஐஸ்' என்று வருவது 'என் கண்கள்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. (தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒன்று நெருப்பாகவும் இன்னொன்று பொங்கல் மாதமாகவும் தெரிவதற்கு நான் பொறுப்பல்ல.)

இனி மரியாதை. தமிழில் நீ ஒருமை, நீர் அதன் பன்மை. பிறகு ஒரே ஆளையே மரியாதைக்காக நீர் என்று பன்மையில் அழைக்கத் தொடங்கினோம். அதுவும் போதாமல் 'கள்' சேர்த்து நீங்கள் என்றோம். ஆங்கிலமும் இதே பாதையில்தான் நடந்தது. பலரைக் குறித்த யீ, யூ இரண்டும் பெரிய மனிதர் ஒருவருக்கும் உரியவையாயின. யூ கொஞ்சம் கொஞ்சமாக யீயின் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. தௌ என்பது குழந்தை, வேலைக்காரர், நெருங்கிய நண்பர், காதலி, எதிரி ஆகியோருக்கு என்று சுருங்கியது. நாம் 'நீ' என்று சொல்லும் இடங்களை எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய அதே பட்டியல்.

நம் செய்தித்தாள்களில் 'அதிகாரியை ஒருமையில் திட்டினார்' என்று எழுதுவார்கள். இதை ஒரே வினைச்சொல்லில் சொல்ல அன்றைய ஆங்கிலத்தில் வழி இருந்தது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, 'ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்' என்று கத்தினார். முதல் தௌ அங்கே வினைச்சொல். துரோகியே, உன்னை நான் ஒருமையில்தான் அழைப்பேன் என்று பொருள். சர் பட்டம் பெற்ற ஒருவரை முழு நீதிமன்றத்தின் முன் அப்படிச் சொல்வது கன்னத்தில் அறைவதற்குச் சமம். இன்றைய ஆங்கிலத்தில் இதைச் சுருக்கமாகச் சொல்லவே முடியாது. தமிழில் ஒரு வரி போதும்.

இதைவிட நுட்பமான உதாரணம் ஹாம்லெட்டில் இருக்கிறது. தாயின் அறையில் நடக்கும் காட்சி. 'ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்' என்கிறாள் அரசி. உன் அப்பாவை நீ ரொம்பப் புண்படுத்திவிட்டாய் என்று, தாய்க்குரிய உரிமையோடு. அவள் அப்பா என்று சொல்வது புதுக் கணவனை. ஹாம்லெட் உடனே, 'மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்' என்று திருப்பித் தருகிறான். என் அப்பாவை நீங்கள்தான் புண்படுத்திவிட்டீர்கள். அவன் சொல்லும் அப்பா செத்துப்போனவர். ஒரே வாக்கியம், தௌ மட்டும் யூவாக மாறியிருக்கிறது. மகன் தாய்க்கு யூ போடுவது அன்றைக்குச் சாதாரண மரியாதைதான். ஆனால் அவள் நீட்டிய தௌவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த யூவில் குளிர் தெரிகிறது. கோபத்தில் இருக்கும் பிள்ளை அம்மாவைத் திடீரென்று 'நீங்க' என்று அழைத்தால் நம் வீட்டில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

1611இல் ஜேம்ஸ் மன்னர் விவிலியம் வெளிவந்தபோது பேச்சு வழக்கில் தௌ தேயத் தொடங்கிவிட்டது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்கள் அதை வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் முன்னிலை ஒருமையும் பன்மையும் தனித்தனி. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு சீமோனிடம், சாத்தான் 'யூ' புடைக்கக் கேட்டுக்கொண்டான், நானோ 'தீ' என்பவனுக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். முதலாவது சீடர்கள் எல்லோரும், இரண்டாவது சீமோன் ஒருவன். பழைய தமிழ் வேதாகமத்திலும் முதலில் 'உங்களை', அடுத்து 'உனக்காக' என்று சரியாக வருகிறது. இரண்டுக்கும் யூ போடும் இன்றைய ஆங்கிலப் பதிப்புகள் அடிக்குறிப்பு போட்டோ 'ஆல்' என்று ஒட்டுப்போட்டோதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் மரியாதை விஷயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தனி வழி போனார்கள். ஆங்கில விவிலியத்தில் தௌ வெறும் எண்ணிக்கை காட்டுவதுதான். கடவுளும் தௌ, பேயும் தௌ. தமிழில் கடவுளை 'நீ' என்று வைக்கக் கூச்சப்பட்டு 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்று வைத்தார்கள். ரூத் தன் மாமியாரிடம் 'விதர் தௌ கோயஸ்ட்' என்று சொல்வது தமிழில் 'நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன்' என்று ஆகிவிட்டது. மருமகள் மாமியாரை 'நீ' என்று அழைக்கும் வேதாகமத்தை எந்தத் தமிழ் வீட்டில் வைத்திருப்பார்கள்! இத்தனைக்கும் சுந்தரர் சிவனைப் 'பித்தா' என்று அழைத்து 'உனக்கு ஆளாய்' என்று பாடிய மொழி இது.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. தெருவில் தௌ செத்துப்போய்ப் பிரார்த்தனையில் மட்டும் உயிரோடு இருந்ததால், ஆங்கிலேயர்களுக்கே அது பக்தி மணக்கும் உயர்ந்த சொல்லாகப் படத் தொடங்கிவிட்டது. சிறுபிள்ளையையும் நாய்க்குட்டியையும் அழைத்த சொல் இன்று கோயில் சொல். உங்கள் மந்திரி அரசனுக்குத் தீ போட்டதும் இந்த மயக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். அரசனுக்கு யூ தான் பொருத்தம். பதினேழாம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஒருவரைப் பன்மையில் அழைப்பது பொய்யும் முகஸ்துதியும் என்று சொல்லி நீதிபதிகளைக்கூடத் தௌ என்றே அழைத்தார்கள். அதற்காக வசையும் அடியும் வாங்கினார்கள். தௌ மரியாதைச் சொல்லாக இருந்திருந்தால் அவர்களை யார் அடித்திருப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இங்கிலாந்தில் சுற்றுலா ஊர்களில் 'யீ ஓல்ட்' என்று பெயர்ப்பலகை வைத்த டீக்கடைகள் உண்டு. அந்த யீக்கும் நாம் பேசும் யீக்கும் உறவே இல்லை. 'தி' என்ற சொல்லின் முதல் ஒலிக்குத் தார்ன் என்று ஒரு தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ஒய் எழுத்தைப் போலவே தெரிந்தது, அச்சுக்காரர்களும் ஒய்யையே போட்டார்கள். எழுதியது ஒய், படித்தது 'தி' என்றுதான்.

வினைமுற்றும் தமிழைப் போலத்தான். நீ வருகிறாய், அவன் வருகிறான் என்று முடிவு மாறுகிறதே, அதுபோலத் தௌ வந்தால் 'எஸ்ட்' விகுதி: தௌ கமெஸ்ட், தௌ கோயஸ்ட். ஹி, ஷி, இட் வந்தால் 'எத்': ஹி கமெத். ஐ, வி, யூ, தே இவற்றுக்கு எந்த விகுதியும் இல்லை. ஆக 'ஐ கோயெத்' என்பது 'நான் போகிறான்'. பழங்காலத்தைக் கிண்டல் செய்யும் காமெடிகளில் எல்லாம் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது, அங்கிருந்துதான் தொற்றுகிறது. ஹாத், ஹாஸ் இரண்டுக்கும், டத், டஸ் இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு தேட வேண்டாம். வெனிஸ் வணிகனில் போர்ஷியா கருணையைப் பற்றிப் பேசும்போது 'இட் பிளெஸ்ஸெத் ஹிம் தட் கிவ்ஸ்' என்கிறாள். ஒரே வரியில் ஒரு வினைக்கு எத், அடுத்ததற்கு ஸ். அசைக்கணக்குக்கு எது பொருந்தியதோ அது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமிழில் இ, அ, எ என்று மூன்று எழுத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு, வினா. இங்கே, அங்கே, எங்கே. ஆங்கிலத்திலும் அப்படி ஒரு மூவர் அணி உண்டு: ஹ, த, வ. ஹியர், தேர், வேர். இவை மூன்றும் நிற்கும் இடத்தைச் சொல்பவை. அந்த இடத்தை நோக்கிப் போவதற்குத் தனி வரிசை: ஹிதர், திதர், விதர். அதாவது இவ்விடத்துக்கு, அவ்விடத்துக்கு, எவ்விடத்துக்கு. அந்த இடத்திலிருந்து புறப்படுவதற்கு இன்னொரு வரிசை: ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ். இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. மூன்று முதலெழுத்து, மூன்று வேற்றுமை, ஒன்பது சொல். ஒன்பதையும் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள், ஒரு ஓட்டைகூட இருக்காது.

இன்றைய ஆங்கிலம் நடு வரிசையை அப்படியே விட்டுவிட்டது. 'கம் ஹியர்', 'கோ தேர்' என்று நிற்கும் சொல்லையே போகவும் பயன்படுத்துகிறார்கள். நாமும் 'இங்கே வா' என்கிறோம் என்பது உண்மைதான். கடைசி வரிசையில் ஹென்ஸ் மட்டும் தப்பித்தது, அதுவும் வேலை மாறி: 'ஆகவே' என்று பொருள். இங்கிருந்து என்பது இதிலிருந்து ஆகி, இதனால் என்று நகர்ந்திருக்கிறது. காலத்துக்கும் அது போனது: 'த்ரீ டேஸ் ஹென்ஸ்' என்றால் இன்றிலிருந்து மூன்றாம் நாள். ஜூலியஸ் சீசர் நாடகத்தின் முதல் சொல்லே ஹென்ஸ்தான். வேலைக்குப் போகாமல் தெருவில் திரியும் கூட்டத்தைப் பார்த்து, இங்கிருந்து கிளம்புங்கள் என்று விரட்டும் சொல்.

உங்கள் வசனத்துக்கு வருவோம். மந்திரி காட்டுக்குப் போகிறார் என்றால் ஹிதர் வராது. அது இங்கே வருவதற்கு. வேண்டியது ஹென்ஸ். 'ஃப்ரம் வென்ஸ்' என்பது கொஞ்சம் வழக்கு நடந்த விஷயம். வென்ஸ் என்ற சொல்லிலேயே 'இருந்து' இருக்கிறது, அதற்கு முன்னால் ஃப்ரம் எதற்கு? 'எங்கிருந்திலிருந்து' என்பது போலல்லவா ஆகிறது? 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் இதைக் கெட்ட வழக்கு என்றே குறித்தார். ஆனால் 121ஆம் சங்கீதத்தில் ஜேம்ஸ் மன்னர் விவிலியமே 'ஃப்ரம் வென்ஸ் கமெத் மை ஹெல்ப்' என்று எழுதியிருக்கிறது. அதனால் தவறு என்று சொல்ல மாட்டேன். நாடக வசனத்தில் வெறும் வென்ஸ் கச்சிதமாக இருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று யான், யாண்டர். பழந்தமிழில் இ, அ இரண்டுக்கும் நடுவே உ என்று ஒரு சுட்டு இருந்தது. யாழ்ப்பாணத்தில் இன்றும் உது, உவன், உங்கே என்று பேசுகிறார்கள். ஆங்கிலத்திலும் மூன்று படி இருந்தது: திஸ், தட், யான். ஆனால் இடம் வேறு. நம் உது நடுவில் நிற்கும்; யான் கடைசியில் நிற்கும். அதோ தெரிகிறதே அந்த மலை என்று கையை நீட்டிச் சொல்லும் இடத்தில் யான், யாண்டர் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் போட்டால் ஒட்டாது.

ஹியர், தேர், வேர் மூன்றின் வாலில் பை, வித், ஆஃப், இன், ஃபோர் போன்றவற்றை ஒட்டினால் வக்கீல் ஆங்கிலம் கிடைக்கும். மிரட்டும் சொற்கள், ஆனால் தமிழருக்கு மிரள வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கிலத்தில் வழக்கமாக 'பை திஸ்' என்று உருபு முன்னால் வரும். இங்கே மட்டும் நம் வேற்றுமை உருபு போலப் பின்னால் ஒட்டுகிறது. ஹியர்பை, இதனால். ஹியர்வித், இதனுடன். ஹியர்இன், இதில். தேர்ஆஃப், அதன். தேர்இன், அதில். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்' என்று தண்டோரா போடுகிறவர் சொல்லும் 'இதனால்' சுத்தமான ஹியர்பை: இந்த அறிவிப்பின் மூலமாகவே காரியம் நடக்கிறது. ஹியர்வித் என்றால் இத்துடன் கூட வருகிறது. 'செக் ஹியர்பை இணைத்துள்ளேன்' என்ற பொருளில் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வர வேண்டியது ஹியர்வித்.

ஒப்பந்தங்களில் கவனிக்க வேண்டிய இடம் ஹியர்ஆஃப், தேர்ஆஃப் இரண்டும்தான். ஹ வந்தால் கையில் இருக்கும் இந்தப் பத்திரம். த வந்தால் சற்றுமுன் குறிப்பிட்ட வேறொரு பொருள். 'ஷரத்து 5 ஹியர்ஆஃப்' என்றால் இதே பத்திரத்தின் ஐந்தாவது ஷரத்து. ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டுவிட்டு 'ஷரத்து 5 தேர்ஆஃப்' என்றால் அந்த வாடகை ஒப்பந்தத்தின் ஐந்தாவது ஷரத்து. ஒரு எழுத்து மாறினால் வேறு பத்திரத்தைப் புரட்ட வேண்டும். 'அஃபோர்செட்' என்பதற்கு நம் பத்திரக்காரர்கள் 'மேற்படி' என்று எழுதினார்கள், அதையும் சுருக்கி ௸ என்று ஒரு குறியே வைத்திருந்தார்கள்.

இந்தக் குடும்பத்தில் பிறந்து எல்லோரையும் ஏமாற்றுவது வேர்ஃபோர். ஜூலியட் மாடத்தில் நின்று 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்கிறாள். ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய் என்று அவனைத் தேடுவதாக நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேர்ஃபோர் என்றால் எதற்காக. நீ எதற்காக ரோமியோவாக இருக்கிறாய், பகைவன் வீட்டுப் பெயர் உனக்கு எதற்கு என்பதுதான் கேள்வி. அடுத்த வரிகளில் அவள் அப்பனை மறு, பெயரைத் துற என்று கேட்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் ஒட்டும். தேர்ஃபோர் 'அதற்காக' என்றால் வேர்ஃபோர் 'எதற்காக'. கட்டத்தை நினைவில் வைத்திருந்தால் தடுமாற வாய்ப்பே இல்லை.

யெஸ், யே, நோ, நே நான்கும் ஒன்றா என்றும் சிலருக்குச் சந்தேகம் வரும். (இந்த யே வேறு, மேலே பார்த்த யீ வேறு.) ஒரு காலத்தில் நான்குக்கும் தனித்தனி இடம் இருந்தது. 'அவர் வந்தாரா?' என்று நேராகக் கேட்டால் யே அல்லது நே. 'அவர் வரவில்லையா?' என்று எதிர்மறையில் கேட்டால் யெஸ் அல்லது நோ. அந்த யெஸ்ஸுக்குப் பொருள் வெறும் ஆமாம் அல்ல, 'ஏன், வந்தாரே!' என்று மறுத்துச் சொல்லும் ஆமாம். பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டோக்' இன்றும் இந்த வேலையைச் செய்கின்றன.

இதற்காக ஒரு சண்டையே நடந்தது. வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது, நீ அந்தத் தீர்க்கதரிசியா என்ற கேள்விக்கு யோவான் ஸ்நானகன் 'நோ' என்றான் என்று எழுதினார். நேர்க் கேள்விக்கு 'நே' அல்லவா வர வேண்டும், யே நே வித்தியாசம்கூடத் தெரியாதவனா வேதத்தை மொழிபெயர்ப்பது என்று தாமஸ் மோர் 1532இல் கடுமையாகத் தாக்கினார். இதில் வேடிக்கை, உதாரணங்களைச் சரியாகக் கொடுத்த மோர், விதியைச் சுருக்கிச் சொல்லும் இடத்தில் தலைகீழாக எழுதிவிட்டார். அடுத்தவர் இலக்கணத்தைத் திருத்துகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. (இந்தப் பதிலிலும் ஒன்றிரண்டு இருக்கலாம்.) மோர் 1535இலும் டிண்டேல் 1536இலும் வேறு வேறு குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார்கள். அதற்குள் பேச்சில் நான்கு சொல் இரண்டாகத் தேயத் தொடங்கியிருந்தது.

விளைவை நாம் தினமும் அனுபவிக்கிறோம். 'சாப்பிடலையா?' என்று கேட்டால் சாப்பிடாதவர் தமிழில் 'ஆமா, சாப்பிடலை' என்பார். கேட்டவர் சொன்னதை ஒத்துக்கொள்ளும் ஆமா அது. ஆங்கிலத்தில் அதே ஆளை 'நோ' சொல்லச் சொல்கிறார்கள். தமிழ்ப் பழக்கத்தில் 'யெஸ்' என்று சொல்லிவிட்டுக் குழப்பத்தில் மாட்டாதவர் நம்மில் யார்? இந்த யெஸ், யே கூட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் உண்டு: ஐ. (நான் என்ற ஐ அல்ல, ஆமாம் என்ற ஐ.) பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுத்தில் தலைகாட்டியவர். மக்களவையில் சபாநாயகர் 'தி ஐஸ் ஹாவ் இட்' என்று சொல்வது இவரைத்தான். கப்பலில் 'ஐ, ஐ, சர்' என்று இரட்டித்தால், ஆமாம் என்பதோடு நிற்காமல், புரிந்தது, செய்து முடிக்கிறேன் என்று பொருள்.

அப்புறம் மீதிங்க்ஸ். இதை 'ஐ திங்க்' என்பதற்கு அழகான மாற்று என்று நினைத்து வாக்கியத்துக்கு வாக்கியம் தூவுகிறவர்கள் உண்டு. திங்க் என்று இன்று ஒன்றுபோல் ஒலிப்பது பழைய ஆங்கிலத்தில் இரண்டு வேறு வினைகள்: ஒன்று நினைத்தல், மற்றது தோன்றுதல். மீதிங்க்ஸில் இருப்பது இரண்டாவது. மீ என்பது இங்கே 'எனக்கு'. ஆக, எனக்குத் தோன்றுகிறது. நான் நினைக்கிறேன் என்பதற்கும் எனக்குப் படுகிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாவதில் வேலை செய்வது நான். இரண்டாவதில் அதுவாக வந்து என்மேல் படுகிறது. டங்கன் மன்னரைக் கொன்றுவிட்டு வரும் மக்பெத், 'மீதாட் ஐ ஹெர்ட் எ வாய்ஸ்' என்கிறான். ஒரு குரல் கேட்டது போல எனக்குப் பட்டது. நிஜமாகக் கேட்டதா, மனப்பிரமையா என்று அவனுக்கே தெரியாது. 'ஐ தாட்' என்று மாற்றினால் அந்த நடுக்கம் போய்விடும்.

இந்த எனக்கு வகை வாக்கியங்கள் அன்றைய ஆங்கிலத்தில் நிறையவே இருந்தன. எனக்குப் பசிக்கிறது என்பதை 'மீ ஹங்ரெத்' என்றார்கள். எனக்குப் பிடிக்கிறது என்பது 'மீ லைக்கெத்'. பிறகு எல்லாவற்றிலும் 'ஐ' ஏறி உட்கார்ந்துகொண்டது, மீதிங்க்ஸ் ஒன்று மட்டும் மூலையில் மிஞ்சியது.

காலம் காட்டும் சொற்களை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாமே ஒரே கதை. சூன், அனான், பிரசென்ட்லி, பை அண்ட் பை நான்கும் பிறக்கும்போது 'உடனே' என்று பொருள் கொண்டவை. நான்கும் சோம்பேறியாகிக் 'கொஞ்ச நேரத்தில்' ஆகிவிட்டன. 'இதோ வந்துட்டேன்' என்று தொலைபேசியில் சொல்கிறவர் இன்னும் குளிக்கவே போகவில்லை என்பது நமக்குத் தெரியாததா? மாற்கு 6ஆம் அதிகாரத்தில் ஏரோதியாளின் மகள் யோவானின் தலையைப் 'பை அண்ட் பை' தட்டில் வைத்துக் கேட்கிறாள். பிறகு ஒருநாள் தந்தால் போதும் என்று அவள் சொல்லவில்லை. இப்போதே வேண்டும் என்கிறாள். தேயாமல் நின்றது ஃபோர்த்வித். நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 157ஆவது பிரிவில், போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டுக்கு ஃபோர்த்வித் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அந்தச் சொல்லை வைத்துத் தாமதம் பற்றி வாதாடாத வக்கீல் குறைவு.

ஷால், வில் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், எனக்குப் பொறுமை இல்லை. 1653இல் ஜான் வாலிஸ் எழுதிய இலக்கணத்தின்படி, நான், நாங்கள் என்றால் ஷால் நடக்கப்போவதைச் சொல்லும், வில் உறுதி காட்டும். நீ, அவன் என்றால் அப்படியே தலைகீழ். மக்கள் இதை முழுதாகக் கடைப்பிடித்தார்களா என்பது வேறு விஷயம். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: 'தௌ ஷால்ட் நாட்' என்றால் எதிர்காலம் இல்லை, கட்டளை.

கடைசியாக, ஒரே எழுத்தில் ஒளிந்திருக்கும் இரண்டு சொற்கள். லெட் என்றால் விடு என்று நமக்குத் தெரியும். தடு என்று நேர்மாறான பொருள் கொண்ட இன்னொரு லெட்டும் இருந்தது. வேறு மூலத்திலிருந்து வந்து, காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது. ஆவியின் பின்னால் போகவிடாமல் நண்பர்கள் பிடித்து இழுக்கும்போது ஹாம்லெட், என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். தடுக்கிறவனை. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசிப் போனால் லெட் என்பது இதுவே. உங்கள் இந்திய பாஸ்போர்ட்டை எடுத்துக் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கும் வேண்டுகோளைப் படியுங்கள்: 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று இருக்கும். தடையோ இடையூறோ இன்றி இவரைப் போகவிடுங்கள் என்று பொருள். விடு என்று படித்தால் வாக்கியமே புரியாது.

பிட்விக்ஸ்ட், அமிட்ஸ்ட், வைல்ஸ்ட், அன்டு போன்றவற்றில் நுட்பம் தேடி மெனக்கெட வேண்டாம். பிட்வீன், அமிட், வைல், டு இவற்றின் பழைய சட்டைகள் அவை. ஓசைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைப் போடுங்கள்.

சரி, உங்கள் மந்திரி. அரசனை விளிக்க 'மை லீஜ்' என்பது அந்தக் காலத்து வழக்கம், 'ஓ கிங்' கொஞ்சம் அம்புலிமாமா போல இருக்கிறது. 'வென்ஸ் கம் யூ, மை லீஜ்? ஐ கோ ஹென்ஸ் டு தி ஃபாரஸ்ட்.' தீயும் இல்லை, எத்தும் இல்லை. பார்க்க முன்பைவிடக் குறைவாகத்தான் பழசாக இருக்கிறது. ஆனால் 1600இல் லண்டனில் ஒரு நடிகர் மேடையில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே மந்திரி மூன்றாம் காட்சியில் சதி செய்து அரசனைச் சிறையில் தள்ளுவதாக இருந்தால், அங்கே முதல்முறையாகத் 'தௌ' போடுங்கள்.